ராகம் பேர் மட்டும் சொல்லுங்க தாயி

தாயி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க நோட்டும் பேனாவுமா வந்து உக்காந்ததைப் பாத்துட்டுத்தான் அந்த ஓரத்துச் சீட்டுல இருந்து எந்திரிச்சு இங்கன வந்தேன். எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும். அந்தப் பிள்ளை பாட ஆரம்பிச்சதும் என்ன ராகம்னு பேர் மட்டும் சொல்லுங்க. மெள்ள, காதுக்குள்ள. மெயின் பாட்டு எதுன்னும் சொல்லுங்க. நடுவுல அவ என்னமும் விசேஷமாப் பாடினா அதுக்கு என்ன பேருன்னும் சொல்லுங்க. அம்புட்டுத்தான். வேற தொணதொணப்பு ஒண்ணும் வராது என்கிட்ட இருந்து.

திரை தூக்க இன்னும் இருபது நிமிசம் ஆகுமாம். மைக்குல ஏதோ கோளாறாம், வாசல்ல சொன்னாங்க. அதுக்குள்ள ஏன் கேக்கேன்னு சொல்லிடுதேன். இல்லைன்னா ஏதோ கிறுக்கச்சி பக்கத்துல வந்து உக்காந்துட்டான்னு நெனப்பீங்க.

நான் ரசிகை கிடையாது. அதை முதல்லயே சொல்லிடுதேன். எனக்குக் கல்யாணியும் ஒண்ணுதான், காம்போதியும் ஒண்ணுதான். ரசிகர் எங்க வீட்டுல அவுக. துறைமுகத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவுக. சொந்த ஊரு அம்பாசமுத்திரம், இப்பம் வில்லிவாக்கம். இந்தக் கச்சேரிக் கூட்டத்துல பி.என். சார்னா எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கே தெரிஞ்சிருக்கலாம். தெரியாதா? பரவாயில்ல.

எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்ல. டிசம்பர் மாசந்தான் அவுகளுக்குப் பிள்ளை. மத்தியானம் சாப்பாட்டை முடிச்சா பிளாஸ்க்கு, சால்வை, நோட்டு மூணையும் தூக்கிட்டுக் கெளம்பிருவாக. எந்த சபாவுல டிக்கெட் இல்லாத கச்சேரியோ அங்க கடைசி வரிசையில உக்காருவாக. கல்யாணம் ஆன வருசம் ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டிட்டு வந்தாக. நானும் பட்டுச்சீலை கட்டி, தலை நெறையப் பூ வச்சு வந்தேன். அந்தப் பாட்டுக்காரரு ஒரு வரியைப் பிடிச்சாரு, விடவே இல்ல. திருப்பித் திருப்பி அதே வரி. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேக்கலை. "என்னங்க, ஒரே வரியை இருபது தடவை பாடுதாரே, மிச்சப் பாட்டு மறந்து போச்சா"ன்னு கேட்டுட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டுட்டேன் போல. முன்னால நாலு வரிசைத் தலை அப்படியே திரும்பிச்சு. அவுக முகம் செத்துப் போச்சு. அப்படித் திருப்பித் திருப்பிப் பாடுததுக்குப் பேரு நிரவல்னு பொறவு தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சு என்ன செய்ய? அதோட சரி. முப்பத்துநாலு வருசம். ஒரு நாளு, ஒரு நாளாவது, "வாரியா"ன்னு கேக்கல. நானும் "வாரேன்"னு சொல்லல. டிசம்பர் வந்தா எனக்கு எரிச்சலா வரும். வீட்டுல ரேடியோவை நிப்பாட்டிப் போட்டுருவேன். சவத்தைத் தள்ளுங்க, அது பழைய கதை.

இந்தக் கடைசி வரிசை ஆளுகளெல்லாம் சேந்து போன்ல ஒரு குழு வச்சிருக்காங்க. பேரே 'கடைசி வரிசை'தான். நாப்பத்தோரு பேரு. அன்னன்னைக்கி கேட்ட கச்சேரியை அன்னைக்கே எழுதிப்புடணும், அதான் சட்டம். ஒருத்தர் "வயலின் இன்று பேசியது"ம்பாரு. இன்னொருத்தர் "பேசியது சரி, என்ன பேசியது?"ம்பாரு. ஒரு அம்மா பாட்டைப் பத்தி ரெண்டு வரியும் கேன்டீன் கீரை வடையைப் பத்தி எட்டு வரியும் எழுதுவா. ஆனா முதல்ல எழுதுதது பி.என். சாரா இருக்கணும். அவரு எழுதின பொறவுதான் மத்தவங்க வாயைத் திறப்பாங்க. அவுகளுக்கு அதுல ஒரு பெருமை. வெளிய காட்டிக்கிட மாட்டாக, ஆனா சாப்பிடுத கையைக் கழுவாம எழுதுவாக.

இந்தக் கார்த்திகை ரெண்டாந்தேதி, குளிச்சிட்டு வந்து வேட்டி கட்டும்போது அப்படியே சரிஞ்சிட்டாக. வலது பக்கம் பூராவும் போச்சு. பேச்சும் போச்சு. ஆஸ்பத்திரியில மூக்கு வழியா டியூப் போட்டாங்க. இடது கையால ரெண்டு தடவை பிடுங்கி எறிஞ்சாக. மூணாந்தடவை துணியால கையைக் கட்டில் கம்பியோட கட்டிட்டுப் போட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். அப்பம் என்னை ஒரு பார்வை பாத்தாக பாருங்க. அதைச் சொல்லத் தெரியல எனக்கு.

பொறவு விழுங்குதது கொஞ்சம் சரியாச்சுன்னு டியூபை எடுத்து வீட்டுக்கு அனுப்புனாங்க. நிமித்தி உக்கார வச்சு, கூழாக் கரைச்சு, கரண்டி கரண்டியாக் குடுக்கணும். முடியும்னு டாக்டர் சொல்லுதாரு. ஆனா அவுகளுக்கு வேண்டாம். கரண்டியைக் கொண்டு போனா முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிடுவாக. லில்லிமேரின்னு ஒரு பிள்ளையை உதவிக்கு வச்சிருக்கேன், தங்கமான பிள்ளை. அவளும் கெஞ்சினா, நானும் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். ஒண்ணும் நடக்கல.

ரெண்டாம் நாள் காலையில, இட்லியைப் பால்ல கரைச்சு வச்சிட்டு உக்காந்திருக்கேன், அவுக போன் டிங்குன்னுது. கோபாலரத்னம்னு ஒருத்தரு, கெமிஸ்ட்ரி வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, இவுகளுக்கு எப்பமும் போட்டி. "பி.என். சார், சீசன் ஆரம்பம். முதல் பதிவுக்குக் காத்திருக்கிறோம்"னு எழுதியிருந்தாரு. சும்மா வாய்விட்டுப் படிச்சேன். அவுக முகம் திரும்பிச்சு தாயி! வாய் திறந்துச்சு. ஏதோ சொல்ல வந்த வாயோ, சாப்பிட வந்த வாயோ, நான் பாக்கல. கரண்டியை உள்ள விட்டுட்டேன். விழுங்கினாக.

அன்னைக்கி சாயங்காலமே லில்லிமேரியை உக்கார வச்சிட்டு இங்க ஓடி வந்துட்டேன். குழுவுல ஒருத்தருக்கும் அவுக விழுந்தது தெரியாது. ஆளுக்கொரு சபாவுல இருக்கதால தேடவும் மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன். பரிதாபம்னாலே அவுகளுக்கு ஆகாது. அவுக பேர்ல நான் எழுதினேன். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. கண்ணால கண்டதை எழுதினேன். "இன்று பாடிய பெண் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் வயலின்காரர் வாசிப்பைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டே இருந்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விட்டார்." இப்படி நாலஞ்சு வரி. காலையில அவுக முன்னால கரண்டியோட உக்காந்து படிச்சேன். ஒரு வரி படிப்பேன், ஒரு கரண்டி. ஒரு வரி, ஒரு கரண்டி. நான்தான் எழுதினேன்னு அவுகளுக்கு நல்லாத் தெரியும், பக்கத்துல உக்காந்துதான எழுதுதேன். ஒரு கிண்ணம் பூராவும் காலியாச்சு அன்னைக்கி. லில்லிமேரி கையைத் தட்டினா.

அதுல இருந்து தெனமும் வாரேன். பன்னெண்டு கச்சேரி ஆச்சு. நீங்க அந்த மிருதங்கம் தனியா வாசிப்பாரே, அப்பம் எந்திரிச்சு கேன்டீனுக்குப் போவியளா? போக மாட்டியளா? நல்லது. நம்ம ஆளுக பாதிப் பேரு போயிருதாங்க. எனக்கு எந்திரிக்க மனசு வரல. ஒரு மனுசன் முகத்துக்கு நேரா பேசிக்கிட்டு இருக்கும்போது எப்படி எந்திரிச்சுப் போக? அதையும் எழுதினேன். குழுவுல ஏழு பேரு "சார், இனி தனிக்கு எழுந்து போகமாட்டேன்"னு எழுதினாங்க. இன்னொரு நாளு ஒரு பொம்பளை பாடிக்கிட்டே உசரப் போயி ஒரு இடத்துல நின்னுட்டா. நின்னுக்கிட்டே இருந்தா. எனக்கு ஆஸ்பத்திரியில அவுகளைப் படுக்க வச்சு லிப்டுக்குள்ள தள்ளிட்டுப் போனதும், கதவு மூடுனதும், நான் வெளிய நின்னதும் ஞாபகம் வந்திருச்சு. "லிஃப்ட் கதவு மூடிய பிறகு வெளியே நிற்பவளுக்கு மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா என்று தெரியாது. அப்படி ஒரு இடத்தில் இன்று நின்றாள்"னு எழுதிப்புட்டேன். எழுதின பொறவு பயமாப் போச்சு. ஆம்பளை எழுதுத மாதிரியா இருக்கு? காலையில அதைப் படிக்கும்போது அவுக கண்ணுல இருந்து தண்ணி வந்துச்சு. தொடைச்சு விட்டேன். வாயைத் திறந்துக்கிட்டே இருந்தாக, அடுத்த கரண்டிக்கு.

இப்படியே போயிருக்கும். அந்தக் கோபாலரத்னம் கெடுத்தாரு. "பி.என். சார், இந்த சீசன் உங்கள் பதிவுகளில் ராகத்தின் பெயரே இல்லையே, மறந்துவிட்டீர்களா?"ன்னு ஒரு குத்து. அதுக்கு நாலு பேரு சிரிச்ச மூஞ்சி போட்டாங்க. எனக்குச் சுருக்குன்னுது. அவுக பேரைக் காப்பாத்துதேன்னு வந்துட்டு நானே கெடுக்கேனேன்னு தோணிச்சு. சரி, நாளைக்கி முறையா எழுதணும்னு அவுக பழைய நோட்டெல்லாம் எடுத்தேன். முப்பத்துநாலு வருசத்து நோட்டு. முத்து முத்தா எழுத்து.

மறுநாள் கச்சேரியில நுழையும்போதே ஒரு தாள் குடுத்தாங்க, இன்னென்ன பாட்டு, இன்னென்ன ராகம்னு. எனக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆச்சு. பாதிக் கச்சேரியில லில்லிமேரி போன் பண்ணினா, அவ மாமியாளுக்கு மூச்சுத்திணறல், உடனே போகணும்னு. நான் எந்திரிச்சு ஓடிட்டேன். வீட்டுக்குப் போயி அந்தத் தாளைப் பாத்து ராகம் பேரையெல்லாம் வரிசையா எழுதினேன். கடைசியில பல்லவின்னு ஒரு பெரிய உருப்படி போட்டிருந்துது. நான்தான் கேக்கலையே. அவுக நோட்டுல இருந்து ஒரு வரி எடுத்துப் போட்டேன். "பல்லவியில் காலப்பிரமாணம் தளராது நின்றது, ஸ்வரக் கோர்வைகள் கச்சிதம்." எம்புட்டு கம்பீரமா இருக்கு பாருங்க! நான் எழுதினதெல்லாம் அடுப்படிப் பேச்சு. பதிவு பூராவுமே அவுக நோட்டுல இருந்து எடுத்தேன்னு வச்சுக்கிடுங்களேன். என் வார்த்தை ஒண்ணு கூடக் கெடையாது. அனுப்பிட்டு நிம்மதியாப் படுத்தேன்.

விடிஞ்சுது. கூழைக் கரைச்சேன். படிச்சுக்கிட்டே ஊட்டுதேன். அன்னைக்கின்னு பாத்து கோபாலரத்னம் எழுதியிருக்காரு. "எந்தப் பல்லவி, சார்? அவருக்குத் தொண்டை கட்டி, தனி முடிந்ததும் மங்களம் பாடிவிட்டாரே. நீங்கள் வேறு எந்த ஹாலில் இருந்தீர்கள்?" முன்கூட்டியே படிச்சுப் பாத்திருக்கணும் நான். வாய்விட்டுப் படிச்சிட்டேன் தாயி. அவுக காது கேக்க. அவுக பேரு கெட்டுப்போன சேதியை நானே படிச்சுக் காட்டிட்டேன். அவுக வாயை மூடிட்டாக. அம்புட்டுத்தான். செவுத்துப் பக்கம் திரும்பிட்டாக.

இன்னைக்கி ரெண்டு நாளு முழுசா ஆச்சு. ஒரு கரண்டி உள்ள போகல. துணியை நனைச்சு உதட்டுல வைக்கேன். நேத்து ஒரு மணி நேரம் அவுக நோட்டுல இருந்து நல்ல நல்ல இடமாப் பாத்து வாசிச்சுக் காட்டினேன். அவுகளே எழுதினது, அவுகளுக்குப் பிடிச்ச கச்சேரி. அசையல. மன்னிச்சிருங்கன்னு காலைப் பிடிச்சேன். அசையல. அந்தக் கோபாலரத்னம் பதினோரு தடவை போன் அடிச்சிட்டாரு. கேலி பண்ணத்தான இருக்கும், நான் எடுக்கல. இன்னைக்கிக் காலையில டாக்டர் வந்து பாத்துட்டு, இனிமே பொறுக்க முடியாது, நாளைக்கிப் பத்து மணிக்கு டியூப் போட்டிரலாம்னுட்டாரு. கையைக் கட்டித்தான் போடணும். "நீங்க கையைப் பிடிச்சுக்கிடுங்கம்மா"ன்னு என்கிட்டச் சொல்லுதாரு. என்கிட்ட!

அதான் திரும்பி வந்த லில்லிமேரியைக் காவல் வச்சிட்டு உங்ககிட்ட வந்தேன். இன்னைக்கி ஒரு தப்பு இல்லாம எழுதணும். ராகம், தாளம், சங்கதி, எல்லாம் சுத்தமா இருக்கணும். கோபாலரத்னமே "சபாஷ் பி.என்."னு எழுதணும். அதை நாளைக்கி எட்டு மணிக்கு அவுக காதுல போட்டா வாயைத் திறப்பாக. திறந்துட்டாகன்னா பத்து மணிக்கு வாரவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன். எனக்கு அந்த ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. நீங்க சொல்லலைன்னா நான் வேற யார்கிட்டப் போக?

அழாதீங்க தாயி. நீங்க எதுக்கு அழுதீங்க? தண்ணி இருக்கு, குடிக்கியளா?

திரை தூக்கிட்டாங்க. பாத்தியளா, சின்னப் பிள்ளைதான். சுருதி சேக்காங்க. அந்த வயலின்ல ரெண்டாவது தந்தி இன்னும் சேரல, இல்லையா? கொஞ்சம் கீழ நிக்கி. ம்... இப்பம் சரியாயிட்டு. எனக்கு என்ன தெரியும், சும்மா சொல்லுதேன்.

என்ன கேட்டியள்? எந்த வரியிலயா? எந்த வரியில வாயை மூடினாகன்னா?

அதான் சொன்னேனே, கோபாலரத்னம் எழுதின வரியில. அவரு கேட்டாருல்லா, எந்தப் பல்லவின்னு.

இருங்க. சரியாச் சொல்லுதேன். முதல் வரி படிச்சேன், ராகம் பேரு வந்த வரி. அதுக்கு வாயைத் திறந்தாக, கரண்டி போச்சு. ரெண்டாவது வரிக்குப் பாதி திறந்தாக. கூழு ஓரத்துல வழிஞ்சுது, தொடைச்சேன். மூணாவது வரி, காலப்பிரமாணம்... அதுக்குத் திறக்கல. சூடா இருக்குபோலன்னு நெனச்சு ஊதினேன். பொறவு கரண்டியைக் கிண்ணத்துல வச்சேன். வச்சிட்டு, சரி ஆறட்டும், அதுவரைக்கும் மத்தவங்க எழுதினதைப் பாப்போம்னு கீழ தள்ளினேன். அப்பம்தான் கோபாலரத்னம் வந்தாரு.

கரண்டி கிண்ணத்துலதான் இருந்துச்சு தாயி.

அவரு எழுதினதை நான் படிக்கும்போது கரண்டி என் கையில இல்ல. வாய் அதுக்கு முன்னாலயே மூடிட்டு. முகமும் திரும்பிட்டு. செவுத்தைப் பாத்துத்தான் இருந்தாக. நான் அவுக பிடரிகிட்டதான் அதைப் படிச்சேன்.

அப்பம் வாயை மூட வச்சது கோபாலரத்னம் இல்ல.

அது அவுக எழுதின வரி. அவுக நோட்டுல இருந்தது. தன்னோட வரி தனக்குத் தெரியாதா? முப்பத்துநாலு வருசம் எழுதினதை நான் எடுத்து அவுகளுக்கே ஊட்டப் போயிருக்கேன். நேத்து வேற ஒரு மணி நேரம் உக்காந்து அதையே... ஐயோ. ஐயோ, என்ன காரியம் செஞ்சேன்!

அப்பம் அந்தத் தண்ணி டம்ளருக்கு வாயைத் திறந்தது? மிருதங்கத்துக்கு? அந்த லிப்டுக்கு? அதெல்லாம் பி.என். சாரு பேருக்குன்னுல்லா நெனச்சேன். நான் பேசுததையா கேட்டுக்கிட்டு இருந்தாக? இம்புட்டு வருசம் கழிச்சு, நான் கச்சேரிக்குப் போயிட்டு வந்து சொல்லுததையா?

ஆரம்பிச்சிட்டா. கேக்குதா?

நீங்க குனியாதீங்க. தாயி, வேண்டாம். ராகம் பேரைச் சொல்லாதீங்க. நான்தான் கேட்டேன், சரிதான், நான்தான் கேட்டேன். இப்பம் வேண்டாங்கேன். பேரு தெரிஞ்சா அதை எழுதிருவேன், எனக்குப் புத்தி அப்படி. நாளைக்கி மட்டும் எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். நாளைக்கும் அவுக திறக்கலைன்னா பொறவு எந்தப் பேரு தெரிஞ்சு என்ன?

பாருங்க, பாருங்க அந்தப் பிள்ளையை. முன்னால வச்சிருந்த கடியாரத்தை எடுத்துக் கவுத்து வச்சிட்டா. பாத்தியளா? மணி தெரியவே கூடாதுன்னு கவுத்துட்டுக் கண்ணை மூடுதா.

அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க தாயி, மறக்கதுக்கு முன்னால எழுதிக்கிடுதேன். காலையில எட்டு மணிக்கு அவுககிட்டச் சொல்லணும்.